பாட்டும் பந்தியும்

2018 ஆகஸ்டில் சென்னையில் ஒரு சர்ச்சை எழுந்தது. கர்நாடக இசைக் கலைஞர்கள் சிலர் கிறிஸ்தவப் பாடல்களைப் பாடுகிறார்கள் என்பதற்காகச் சமூக வலைத்தளங்களில் வசைகளும் மிரட்டல்களும் கிளம்பின. அறிவிக்கப்பட்டிருந்த ஒரு கச்சேரி கைவிடப்பட்டது. இனி மாதந்தோறும் இயேசுவைப் பற்றியோ அல்லாவைப் பற்றியோ ஒரு பாடலை வெளியிடப் போவதாகப் பாடகர் டி.எம். கிருஷ்ணா அறிவித்தார். அந்த நாள்களில், சபாக்களுக்குத் தவறாமல் செல்லும் நண்பர் ஒருவர், கிறிஸ்தவர்கள் எப்போது இந்த இசையை எடுத்துக்கொண்டார்கள் என்று என்னிடம் கேட்டார். கேள்வியில் வெறுப்பு இல்லை. தெரிந்துகொள்ளும் விருப்பமே இருந்தது.

தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியாரின் பெயரைச் சொன்னேன். சியாமா சாஸ்திரிகள் பிறந்தது 1762-இல். தியாகராஜர் 1767. முத்துசுவாமி தீட்சிதர் 1775. வேதநாயக சாஸ்திரியார் பிறந்தது 1774-இல். மும்மூர்த்திகள் வாழ்ந்த அதே காவிரிக் கரையில், அதே காலத்தில் ஒரு கிறிஸ்தவர் ராகமும் தாளமும் அமைத்துத் தம் கடவுளைப் பாடிக்கொண்டிருந்தார்; தம் ஊரின் இசையில் பாடியவரைப் பார்த்து எடுத்துக்கொண்டார் என்று எப்படிச் சொல்வது என்றேன். நண்பர் ஒப்புக்கொண்டார். எனக்கும் பெருமையாக இருந்தது.

ஆனால், அன்று நான் சொன்னது பாதிக் கதைதான். மீதிப் பாதியைத் தெரிந்தேதான் விட்டுவிட்டேன். அவருடைய கீர்த்தனைகளைக் கேட்டே வளர்ந்த எனக்கு, அந்த மீதியைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியல் சாதியினராகக் கருதலாமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றத்தின் முன்னும், 2022-இல் அமைக்கப்பட்ட கே.ஜி. பாலகிருஷ்ணன் ஆணையத்தின் முன்னும் வந்துள்ள காலம் இது. இனியும் பாதிக் கதையைச் சொல்லிக்கொண்டிருப்பது நேர்மையாகாது என்று தோன்றுகிறது.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிவிடலாம். 'பிரதாப முதலியார் சரித்திரம்' எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை வேறு, இவர் வேறு. மாயூரத்தார் கத்தோலிக்கர், முன்சீப், அரை நூற்றாண்டு இளையவர். இருவரும் கிறிஸ்தவர்கள், இருவரும் கீர்த்தனைகள் எழுதியவர்கள் என்பதால் மேடைப் பேச்சாளர்கள்கூட இருவரையும் ஒருவராக்கிவிடுவது உண்டு.

நம்மவர் நெல்லைச் சீமையில் வேளாளர் குடும்பத்தில் பிறந்தார். தந்தை தேவசகாயம் கிறிஸ்தவம் தழுவியவர். மகனுக்குப் பன்னிரண்டு வயதளவில், பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி சுவார்ட்ஸ் அவனைத் தஞ்சாவூருக்கு அழைத்துச் சென்றார். சுவார்ட்ஸ் என்ற பெயருக்கு அன்றைய தஞ்சையில் இருந்த மதிப்பை இன்று ஊகிப்பது கடினம். பிரஷ்ய நாட்டில் பிறந்து 1750-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கியவர். தமிழும் மராத்தியும் பாரசீகமும் அறிந்தவர். ஹைதர் அலியிடம் தூது சென்றவர். துளஜா மகாராஜா தம் வளர்ப்பு மகன் சரபோஜியின் நலனை ஒப்படைத்ததும் இவரிடம்தான். சரபோஜி 1777-இல் பிறந்தவர். வேதநாயகத்துக்கு மூன்று வயது இளையவர். அரண்மனைப் பிள்ளையும் மிஷன் வீட்டுப் பிள்ளையும் ஒரே ஆசிரியரின் நிழலில் வளர்ந்தார்கள். பின்னாளில் இருவரின் வாழ்வும் மீண்டும் குறுக்கிடப்போகிறது.

இடையில் தரங்கம்பாடியிலும் படித்தார். அங்கிருந்த ஜெர்மானிய மிஷனரிகளில் சிலர் வேதத்தோடு இயற்கையையும் ஆராய்ந்தவர்கள். ராட்லர் செடிகொடிகளைச் சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். ஜான் கடல்வாழ் உயிர்களையும் சங்குகளையும் ஆராய்ந்தார். வானியல், புவியியல், உடற்கூறு என்று பலவும் அந்த இளைஞருக்கு அங்கே அறிமுகமாயின. தம் இருபதாம் வயதையொட்டித் தஞ்சாவூரில் மிஷன் பள்ளியின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 1798-இல் சுவார்ட்ஸ் இறந்தார். அதே ஆண்டு சரபோஜி அரியணை ஏறினார்.

1800-இல் வெளிப்பட்டது 'பெத்லகேம் குறவஞ்சி'. குறவஞ்சி என்பது அக்காலத் தமிழகத்தின் மிகப் பிரியமான மேடை வடிவம். உலா வரும் தலைவனைக் கண்டு நாயகி காதல் கொள்வாள். மலைநாட்டுக் குறத்தி வந்து கைபார்த்துக் குறி சொல்வாள். அவளைத் தேடிச் சிங்கன் வருவான். பறவை பிடிக்கும் காட்சியும் உண்டு. திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சி நெல்லைச் சீமையில் எல்லோரும் அறிந்தது. அந்தச் சட்டகத்தை அப்படியே எடுத்துக்கொண்டார் சாஸ்திரியார். தலைவன் பெத்லகேம் நாதன். நாயகி சீயோனின் மகளான தேவமோகினி. குறி சொல்ல வரும் குறத்தி விசுவாசத்தின் உருவம். சிங்கன் உபதேசியாராகிறான், அவன் கண்ணி வைத்துப் பிடிக்கும் பறவைகள் மனித ஆன்மாக்கள்.

இதில் என்னை வியக்கவைப்பது வேறொன்று. குறத்தி தன் நாட்டின் வளம் பாடுவது மரபு. சாஸ்திரியாரோ அந்த இடைவெளிகளில் உலகப் புவியியலையும், சூரியனைப் பூமி சுற்றிவருகிறது என்ற கோப்பர்நிக்கஸின் வானியலையும் நுழைத்துவிடுகிறார். தரங்கம்பாடிப் பாடம் மெட்டோடு மேடையேறுகிறது. அதே காலத்தில் சரபோஜியும் உலகப் புவியியலைச் சொல்லித்தர மராத்தியில் 'தேவேந்திரக் குறவஞ்சி' இயற்றினார். மன்னரையே தலைவனாக வைத்துச் சிவக்கொழுந்து தேசிகர் பாடிய 'சரபேந்திர பூபாலக் குறவஞ்சி' பெரிய கோயிலில் ஆடப்பட்டது. ஒரே நகரத்தில், ஒரே வடிவத்தில், ஏறக்குறைய ஒரே காலத்தில் மூன்று குறவஞ்சிகள்! அவற்றில் ஒன்று மட்டும் தேவாலயத்தைச் சேர்ந்தது. 2018-இல் கூச்சலிட்டவர்கள் இந்த ஒரு தகவலை அறிந்திருந்தால் சற்றுத் தயங்கியிருப்பார்களோ என்னவோ.

அதுவரை தமிழ்ப் புராட்டஸ்டன்டு சபைகள் பாடிக்கொண்டிருந்தவை பெரும்பாலும் ஞானப்பாட்டுகள். ஜெர்மானியப் பாடல்களை பப்ரிஷியஸ் போன்றோர் தமிழாக்கியவை. பப்ரிஷியஸ் பெரிய மொழிபெயர்ப்பாளர். அவருடைய வேதாகமத் தமிழைச் சாஸ்திரியார் உயிராக மதித்தார். ஆயினும் மெட்டு ஜெர்மனியுடையது. தமிழ்ச் சொற்கள் அந்த அளவுக்குள் ஒடுங்கி உட்கார வேண்டும். சாஸ்திரியார் வந்தபின் பல்லவியும் அனுபல்லவியும் சரணமும் வந்தன, கும்மியும் வந்தது. ஒருவர் கதை சொல்லிப் பாட, உடனிருப்போர் பின்பாட்டுப் பாடும் காலட்சேபம் வந்தது. ஊர் ஊராகச் சென்று அவரே நடத்தினார். அவருடைய வழியினர் அம்மரபைப் பல தலைமுறைகளுக்குத் தொடர்ந்தனர். சகுனம், நாள், நட்சத்திரம் என்று மக்கள் அஞ்சி நடுங்குவதை நகையாடிச் 'சாஸ்திரக் கும்மி' எழுதினார். சுவிசேஷக் கவிராயர் என்ற பட்டம் அவரைத் தேடி வந்தது.

சரபோஜிக்கும் அவருக்கும் இடையே ஒரு சம்பவத்தைத் தஞ்சைக் கிறிஸ்தவர்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். பெத்லகேம் நாதனைப் பாடியதுபோல் பிரகதீசுவரரையும் பாடும்படி மன்னர் விரும்பினாராம். பால்ய நண்பர், நாடாளும் அரசர், கேட்பதும் ஒரு பாட்டு மட்டுமே. சாஸ்திரியார் பணிவோடு மறுத்து, தம் நெஞ்சு இயேசுவை மட்டுமே துதிக்கும் என்ற பொருளில் ஒரு கீர்த்தனை பாடினாராம். அச்சிறு கீர்த்தனை இன்றும் பாடப்படுகிறது. மன்னர் சினக்கவில்லை என்பதே இந்தக் கதையில் எனக்குப் பிடித்த பகுதி. நம்பிக்கையில் விட்டுக்கொடுக்காத ஒரு புலவரும், அதற்காக அவரைத் தண்டிக்காத ஓர் அரசரும் ஒரே ஊரில் வாழ முடிந்திருக்கிறது.

நண்பரிடம் நான் சொன்னது இதுவரைதான். இனிச் சொல்லப்போவது அன்று சொல்லாதது.

சுவார்ட்ஸ் காலத்துத் தஞ்சைச் சபையில் வேளாளர் ஒரு பக்கமும், அன்று பறையர் என்று அழைக்கப்பட்டோர் மறுபக்கமும் தனித்தனியே அமர்ந்தார்கள். திருவிருந்திலும் முன்னவர் முதலில், பின்னவர் பிறகு. பழைய மிஷனரிகளுக்கு இதில் மகிழ்ச்சி இல்லை. ஆனாலும் காலப்போக்கில் கரைந்துவிடும் என்று பொறுத்துக்கொண்டார்கள். 1820-களில் வந்த புதிய தலைமுறை மிஷனரிகள் பொறுக்கவில்லை. தஞ்சையில் அவர்களின் முகமாக இருந்தவர் ஹாப்ரோ என்ற டேனியர். ஒரே அப்பம், ஒரே பாத்திரம், வேறுபாடின்றி அனைவரும் என்றார்.

சாஸ்திரியார் எதிர்த்தார். வெறுமனே முணுமுணுக்கவில்லை, ஏடு ஏடாக எழுதி எதிர்த்தார். 1829-இல் அவரும் அவர் பக்கத்தாரும் எழுதியவற்றில் புதிய மிஷனரிகள் தங்களுக்கு இழைத்த கொடுமைகள் என நான்கு அடுக்கப்பட்டன. பழகிய பப்ரிஷியஸ் வேதாகமத்தை விலக்கி ரேனியஸின் புதிய மொழிபெயர்ப்பைப் புகுத்தினார்கள். சாதிகளைக் கலந்து திருவிருந்துக்கு வரச்சொன்னார்கள். திருமணத்திலும் சாவிலும் பூ உள்ளிட்ட வழக்கங்களைத் தடுத்தார்கள். தமிழ்க் கீர்த்தனைகளையும் வாத்தியங்களையும் தேவாலயத்திலிருந்து அகற்றினார்கள்.

இந்தப் பட்டியலை முதன்முதலில் படித்தபோது நான் நெடுநேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். நான்கில் மூன்றில் என் மனம் அவர் பக்கம். பழகிய மொழியைப் பறிக்காதே, பூவைப் பறிக்காதே, பாட்டைப் பறிக்காதே என்று ஒரு தமிழர் வெள்ளைக்காரப் பாதிரிகளிடம் வாதாடுகிறார். கைதட்டத் தோன்றுகிறது. ஆனால் அதே மூச்சில், அதே கையெழுத்தில், அந்த மனிதர்களோடு ஒரே பாத்திரத்தில் பருகமாட்டோம் என்கிறார். அவருக்கு இந்த நான்கும் தனித்தனிக் கோரிக்கைகளாகத் தோன்றவில்லை. நான்கும் சேர்ந்ததே தம் மக்களின் ஆசாரம் என்று நம்பினார்.

அவர் வாதத்தை நியாயமாக எடுத்துரைக்க வேண்டுமானால், அது இவ்வாறு செல்கிறது. சாதி மதத்தைச் சேர்ந்தது அன்று, உலக மரியாதையைச் சேர்ந்தது. ஐரோப்பியரும் தங்களுக்குள் பிரபு, குடியானவன், வேலைக்காரன் என்று தரம் பிரிக்கிறார்கள். கிறிஸ்தவராவதால் அங்கே யாரும் தம் அந்தஸ்தை இழப்பதில்லை. எங்களிடம் மட்டும் ஏன் கேட்கிறீர்கள்? கெட்டிக்காரத்தனமான வாதம்தான். எதிராளியின் பாசாங்கு எங்கே இருக்கிறது என்று அவர் சரியாகக் கண்டுகொண்டார். தம்முடையதைக் காணவில்லை. கோப்பர்நிக்கஸைக் குறவஞ்சியில் பாடியவர், சகுனத்துக்கும் நட்சத்திரத்துக்கும் அஞ்சுவோரைக் கும்மியில் சிரித்தவர், தீட்டு என்பதைப் பார்த்து மட்டும் சிரிக்கவில்லை. திருவிருந்தின் மறுபக்கம் அமர்ந்திருந்தவர்கள் என்ன எண்ணினார்கள் என்பதை எழுதிவைக்க அங்கே கவிராயர் எவரும் இல்லை. நமக்குக் கிடைத்திருக்கும் ஏடுகள் ஒரு பக்கத்தாருடையவை மட்டுமே.

மிஷனரிகளையும் இங்கே முழுதாக விட்டுவிட எனக்கு மனமில்லை. சாதியை எதிர்த்ததில் அவர்கள் செய்தது சரி. பாட்டைத் தடுத்ததில் செய்தது தவறு. அவர்களும் இரண்டையும் ஒரே மூட்டையாகத்தான் பார்த்தார்கள்: தமிழருடைய ராகம், தமிழருடைய பூ, தமிழருடைய சாதி, எல்லாமே களைய வேண்டிய பழைய மதத்தின் மிச்சம். கட்டிக் காத்தவரும் தூக்கி எறிந்தவரும் மூட்டையைப் பிரித்துப் பார்க்கவில்லை.

1829-இல் சாஸ்திரியார் மிஷன் பணியையும் சம்பளத்தையும் இழந்தார். வயது ஐம்பத்தைந்து. அப்போது கைகொடுத்தவர் சரபோஜி. பிரகதீசுவரரைப் பாட மறுத்த கிறிஸ்தவப் புலவரை, அவருடைய சொந்தச் சபை கைவிட்டபோது, சைவக் கோயிலின் காவலரான மன்னர் தம் அரசவைக் கவிஞராக்கி ஆதரித்தார். மூன்றே ஆண்டுகளில், 1832-இல், சரபோஜி காலமானார். அடுத்த ஆண்டே கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைகளில் சாதி வேறுபாடு உடனடியாகவும் முற்றிலுமாகவும் ஒழிய வேண்டும் என்று ஆணையிட்டார். தஞ்சையிலும் வேப்பேரியிலும் நூற்றுக்கணக்கானோர் தேவாலயத்தைவிட்டு வெளியேறினார்கள். அவர்களில் பலர் பின்னர், சாதி விஷயத்தில் அவ்வளவு கண்டிப்புக் காட்டாத லைப்சிக் லுத்தரன் மிஷனில் சேர்ந்துகொண்டார்கள்.

சாஸ்திரியாரின் வரலாற்றை எழுதும் சபை ஆசிரியர்கள் இந்த ஆண்டுகளை ஒரு வாக்கியத்தில் கடந்துவிடுவார்கள். மிஷனரிகளோடு கருத்து வேறுபாடு ஏற்பட்டது என்பதோடு முடித்துக்கொள்வார்கள். நானும் நண்பரிடம் அந்த ஒரு வாக்கியத்தைக்கூடச் சொல்லவில்லை.

ஆனால் இந்தக் கதை 1829-இல் முடியவில்லை. அதன் மிக விசித்திரமான பகுதி இனிமேல்தான். யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்து 1834-இல் பணியைத் தொடங்கிய அமெரிக்க மிஷன், சாதி விஷயத்தில் மற்ற எல்லாரையும்விடக் கண்டிப்பானது. 1847-இல், சாதி பாராட்டுவதைக் கைவிட மறுத்த தம் ஊழியர்களை அது விலக்கிவைத்தது. ஆறே ஆண்டுகள் கழித்து, 1853-இல், அதே மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்துச் சபை வழிபாட்டுக்கென்று அச்சிட்டார். அத்தொகுப்பில் பெரும் பங்கு வேதநாயக சாஸ்திரியாருடையது. சாதிக்காகப் பணியிழந்த கவிஞரின் பாடல்களைப் பொதுச் சொத்தாக்கியது, சாதியை அறவே பொறுக்காத ஒரு மிஷன். மூட்டையை முதன்முதலில் பிரித்தவர் வெப் என்றே நான் நினைக்கிறேன். பாட்டை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டார். அப்போது சாஸ்திரியார் உயிரோடிருந்தார். வயது எழுபத்தொன்பது.

1864 ஜனவரி 24 அன்று தஞ்சாவூரில் காலமானார். எண்பத்தொன்பது வயது. சுவார்ட்ஸின் மடியில் தொடங்கிய வாழ்வு, கிழக்கிந்தியக் கம்பெனி வந்து போய், விக்டோரியா அரசியின் ஆட்சி வரைக்கும் நீண்டுவிட்டது. தஞ்சைச் சமஸ்தானமும் அதற்குள் மறைந்துவிட்டது.

பாடல்கள் மறையவில்லை. அச்சேறிய கீர்த்தனைகள் மதுரைக் கிராமங்களுக்குப் போயின, திருநெல்வேலிக்குப் போயின. 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது பாமாலைப் புத்தகத்தோடு கீர்த்தனைப் புத்தகமும் அதன் வழிபாட்டில் இடம்பெற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தமிழ்ச் சபைகளுக்குள் பெருந்திரளாக வந்தவர்கள் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். சாஸ்திரியார் எவரோடு ஒரே பாத்திரத்தில் பருக மறுத்தாரோ, அவர்களின் பேரப்பிள்ளைகள் ஆர்மோனியத்தோடும் கஞ்சிராவோடும் அவர் பாட்டைப் பாடினார்கள். அவருடைய அனுமதியை யாரும் கேட்கவில்லை. மார்கழிப் பனியில் தெருத்தெருவாகப் போகும் கிறிஸ்துமஸ் பஜனைகளில் இன்றைக்கும் அவர் குரல் கேட்கிறது. கீபோர்டும் டிரம்ஸும் திரையில் ஓடும் வரிகளும் வந்தபின் நகரத்துச் சபைகளில் கீர்த்தனைகள் குறைந்துவருகின்றன. கிராமங்களில் இன்னும் இருக்கின்றன.

1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதியினர் இந்துக்களாக மட்டுமே இருக்க முடியும் என்று வரையறுத்தது. பின்னர் 1956-இல் சீக்கியரும், 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை, கிறிஸ்தவத்தில் சாதி இல்லை என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம். 1829-ஆம் ஆண்டின் அந்த விண்ணப்ப ஏடுகளை யாராவது நீதிமன்றத்தில் காட்டலாம். கிறிஸ்தவத்துக்குள் சாதி உண்டு, இருக்கவும் வேண்டும் என்று, தமிழ்க் கிறிஸ்தவத்தின் மிகப் பெரிய கவிஞரே கைப்பட எழுதிக்கொடுத்த சாட்சியம் அது.

இத்தனைக்குப் பிறகும் அவர் பாட்டை நான் விடவில்லை. விட முடியும் என்றும் தோன்றவில்லை. என் பாட்டிக்கு எழுத்து தெரியாது. சாஸ்திரியாரின் கீர்த்தனைகள் முப்பதுக்கு மேல் மனப்பாடம். அவர் இறந்தபோது எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் குழியருகே நின்று பாடிய பாடகர் குழு அவருக்குப் பிடித்த பாட்டையே பாடியது. நன்றாகப் பாடினார்கள். குழுவில் பாதிப் பேர் ஊரின் மேற்குத் தெருவைச் சேர்ந்தவர்கள். அவர்கள் வீட்டுச் சாவுகளுக்கு அந்தத் தோட்டத்தில் இடம் கிடையாது. வேலிக்கு அப்பால் தனி இடம். பாட்டு முடிந்ததும் கை கழுவிக்கொண்டு, வேலியோரமாகவே நடந்து தங்கள் தெருவுக்குப் போனார்கள். அப்போது அது முள்வேலியாக இருந்தது. சென்ற ஆண்டு போயிருந்தபோது பார்த்தேன்; சுவராகக் கட்டியிருக்கிறார்கள்.